குசினி அலுமாரியைப் புதுப்பிக்க 142,000 ரூபா கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டுக்கு 2014 இல் குசினியை நீட்டி, மகோகனிக் கதவு போட்ட பான்ரி அலுமாரி செய்வித்தோம். கீழே 12 அடி, மேலே 8 அடி. மொத்தம் 14 கதவு, 4 லாச்சி. இப்போது காஸ் அடுப்பை அண்டிய கதவுகள் கறுத்துப்போய், தொட்டால் பிசுபிசுக்கின்றன. சிங்குக்குக் கீழே பலகை ஊதிவிட்டது. மகளுக்கு எல்லாம் வெள்ளை நிறத்தில் வேண்டுமாம். மூன்று இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் வீட்டுக்கே வந்து, உதவியாள் ஒருவரோடு மூன்று நாளில் பெயின்ற் அடித்துத் தர 46,000 ரூபா சொன்னார். ஒரு பட்டறை கதவுகளைக் கொண்டுபோய் வெள்ளை ஸ்பிறே அடித்துத் தர 142,000 கேட்கிறது (பொருள் 42,000, கூலி 78,000, புதுப் பிணைச்சல் 14,000, ஏற்றியிறக்க 8,000). ஒரு கொம்பனி எம்.டி.எப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் புதிதாகவே செய்து தர 440,000 என்கிறது. எங்கள் பக்கத்தில் மரவேலைக்காரருக்கு நாள்கூலி 5,000, உதவியாளுக்கு 3,000. கையில் ஒரு இலட்சம்தான் இருக்கிறது. எது நியாயம்? பழசைப் புதுப்பிப்பதில் பிரயோசனம் இருக்கிறதா?
— வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்:

142,000 அநியாய விலை அல்ல. நீங்கள் எழுதிய மூன்றிலும் உண்மையில் விலை கூடியது 46,000 தான். ஏனென்று கணக்கோடு சொல்கிறோம். கணக்கு விளங்கினால், பட்டறைக்காரரோடு பேசி ஒரு இலட்சத்துக்குக் கிட்டக் கொண்டுவரவும் வழி தெரியும்.

முதலில் வேலையின் அளவு. கதவின் அளவுகளை நீங்கள் எழுதவில்லை. உங்கள் நீளத்துக்குக் கீழ்க்கதவு 8, மேற்கதவு 6 என்று வைத்து, கீழ்க்கதவு 28 அங்குலம் உயரம் 16 அங்குலம் அகலம், மேற்கதவு 24 க்கு 16, லாச்சி முகப்பு 16 க்கு 6 என்று எடுத்தால், முன்பக்கம் மட்டும் ஏறக்குறைய 44 சதுர அடி வரும். கதவுகளின் உட்பக்கத்தையும் சேர்த்தால் 85. விளிம்புகளுக்கு 7, பெட்டியின் வெளிச்சட்டத்துக்கும் பக்கப் பலகைகளுக்கும் 20. ஆக மொத்தம் 112 சதுர அடி. உங்கள் வீட்டில் அளவு நாடாவைப் பிடித்து இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விலை சொல்பவர் அளந்தாரா, வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

112 சதுர அடிக்கு நிறம் எவ்வளவு வேண்டும்? பிறஷ்ஷால் அடித்தால் ஒரு பூச்சுக்கு ஒரு லீற்றரும் சொச்சமும். ஸ்பிறேயில் காற்றோடு போகும் பங்கு இருப்பதால் ஒன்றரை லீற்றர் வரை போகும். அடிப்பூச்சு இரண்டு, மேற்பூச்சு இரண்டு என்றால் ஆறு லீற்றர், அதற்கேற்ற தின்னர், மக்கு, சான்ட் பேப்பர். பட்டறை பொருளுக்குப் போட்ட 42,000 இந்த அளவுக்குப் பொருந்துகிறது.

மிச்சமெல்லாம் கை வேலை. கழற்றி, இலக்கம் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ மரவேலைக்காரருக்கு 1 நாள், உதவியாளுக்கு 2 நாள். பழைய வானிஷை உரிக்க 2 நாளும் 2 நாளும். மக்கு வைத்துத் தேய்த்துச் சமப்படுத்த 2 நாளும் 1 நாளும். ஸ்பிறே அடிக்க, நடுவில் தேய்க்க 3 நாளும் 1 நாளும். திரும்பக் கொண்டுவந்து பூட்டிச் சரிபார்க்க மரவேலைக்காரருக்கு 1 நாள். மரவேலைக்காரரின் 9 நாள் 45,000, உதவியாளின் 6 நாள் 18,000, சேர்த்து 63,000. பட்டறை 78,000 கேட்கிறது. இடையிலுள்ள 15,000 கொம்பிரசர், மின்சாரம், பட்டறை இடம், அவருடைய இலாபம். இதைக் கொள்ளை என்று சொல்ல முடியாது.

இந்த 15 ஆள்நாளில் 10 நாள், நிறம் தொடுவதற்கு முன்னரே போய்விடுகிறது. குசினி அலுமாரிக்குப் பணம் கொடுப்பது அந்தப் பத்து நாளுக்குத்தான்.

இப்போது 46,000 ஐப் பாருங்கள். இரண்டு பேருக்கு மூன்று நாள் கூலி 24,000. பொருளும் இலாபமும் 22,000. மூன்று நாளில் 14 கதவையும் உரித்து, தேய்த்து, நான்கு பூச்சு காயவிட்டு அடிக்க ஏலாது. எனவே அவர் செய்யப்போவது பிசுக்கின்மேல் ஒரு தேய்ப்பு, அதன்மேல் எனாமல் இரண்டு பூச்சு. கழுவாமல் தேய்த்தால் சான்ட் பேப்பரே எண்ணெயைக் கீறலுக்குள் ஏற்றிவிடும். அந்த இடத்தில் புதுப்பூச்சு பிடிக்காது. கைபிடியைச் சுற்றியும் அடுப்பை அண்டியும் முதலில் தோல் உரியும். பிறகு அதைச் சரிசெய்ய வருகிறவர் பழைய வானிஷோடு இந்தப் புது எனாமலையும் உரிக்க வேண்டும். உரிக்கிற கூலி இரட்டிக்கும்.

440,000 பற்றிச் சுருக்கமாக. கொம்பனி வரிக்குப் பதிந்ததா, சொன்ன விலையில் பெறுமதி சேர் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். சேரவில்லை என்றால் இன்னும் 79,200 ஏறி 519,200 ஆகும். உங்கள் வீட்டைக் கட்ட இந்திய வீட்டுத்திட்டம் தந்த முழு உதவித்தொகையே 550,000 ரூபாதான் என்பதை நினைத்தால் நெஞ்சு கொஞ்சம் அடிக்கும். அதைவிட முக்கியம், அவர்கள் தருவது எம்.டி.எப். உங்களிடம் இருப்பது மகோகனி. மகோகனியைக் கழற்றி எறிந்துவிட்டு எம்.டி.எப். வாங்குவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். கறையான் பெட்டிக்குள் ஏறியிருந்தால், அல்லது பெட்டிப் பலகைகளில் பெரும்பகுதி ஊதியிருந்தால் மட்டும் புதிது பற்றி யோசிக்கலாம்.

ஆகவே ஒருவருக்கும் முற்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ரோச் லைற்றும் திருகாணி முடுக்கியும் எடுத்து இதைப் பாருங்கள். அடித்தட்டுகளையும் பின்பலகையையும் தட்டிப் பாருங்கள். வெறும் கூடு போலச் சத்தம் கேட்கிற இடத்தில் முடுக்கி நுனியால் அழுத்துங்கள். சுவரும் பெட்டியும் சேரும் மூலையில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கறையான் நிலத்திலிருந்து சுவர்ப் பூச்சுக்குள்ளால் வரும். அலுமாரிக்கு மருந்து அடித்துச் சுவரை விட்டால் திரும்பவும் வரும். கதவில் ஊசித்துளையும் அதன் கீழே மா போல் தூளும் இருந்தால் அது உளு. மகோகனியின் வயிரத்தை விட வெளிறிய ஓரப்பகுதியைத்தான் அது விரும்பும். ஒவ்வொரு துளைக்கும் சிரிஞ்சால் மருந்து ஏற்ற வேண்டும். மண்ணெண்ணெய் ஏற்றுகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது நின்று வேலை செய்யாது. நிறமும் அதன்மேல் பிடிக்காது.

சிங்குக்குக் கீழே ஊதிய பலகை எம்.டி.எப். அல்லது சிப் போர்டாக இருக்க வேண்டும். ஊதினது திரும்ப வற்றாது. அதற்குமேல் மக்கு வைத்துத் தேய்த்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். ஆனால் அந்த ஒரு பலகைக்காக முழுப் பெட்டியையும் மாற்றவும் தேவையில்லை. முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். சிங்கின் கீழுள்ள வளைந்த கழிவுக்குழாயின் வாசரும், சிங் விளிம்பின் சிலிக்கனும்தான் வழக்கமான இடங்கள். வன்னியின் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூட என்பதால் வாசருக்குக் கீழே வெள்ளைப் பொருக்குப் படிந்து இறுக்கம் விட்டுவிடும். அதைச் சுரண்டித் துப்புரவாக்காமல் புது வாசர் போட்டாலும் கசியும். பிறகு 18 மில்லிமீற்றர் மரீன் பிளைவூட்டில் அந்த அடித்தட்டை மட்டும் மாற்றுங்கள். இதற்காக முழுத் தகடு வாங்க வேண்டாம். மரக்காலையிலோ பட்டறையிலோ வெட்டுத்துண்டு கேட்டால் குறைந்த விலையில் கிடைக்கும். வெட்டின நான்கு விளிம்புக்கும் இரண்டு பூச்சு வானிஷ் அடித்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். பிளைவூட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, விளிம்பால்.

இனி முக்கியமான சோதனை. பழைய பூச்சு என்னவென்று தெரிந்தால்தான் உரிக்க வேண்டுமா, தேய்த்தால் மட்டும் போதுமா என்பது தெரியும். விலையைக் கூட்டிக் குறைப்பதும் அதுதான். ஒரு கதவின் உட்பக்க மூலையைக் கழுவிக் காயவிட்டு, என்.சி. தின்னரில் (லக்கருக்குக் கலக்கும் தின்னர்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பூச்சு கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது நைட்ரோசெலுலோஸ் வகை லக்கர். சுருங்கித் தோல் போல எழும்பினால் எண்ணெய் வானிஷ். ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டு பாகம் கலந்து அடிக்கிற பி.யூ. (பொலியூரிதேன்).

உங்கள் கதவு பிசுபிசுக்கிறது என்பதைப் பார்க்க லக்கராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். பொரிக்கிற, தாளிக்கிற எண்ணெய் ஆவியும் கைப்பிசுக்கும் நாட்பட அந்தப் பூச்சை இளக்கிவிடும். மேலே இருப்பது அழுக்கு மட்டுமல்ல, பூச்சே மெழுகாகிவிட்டது. இளகின பூச்சின்மேல் எதை அடித்தாலும் அது உரியும். எண்ணெய் வானிஷ் என்றால் வேறு சிக்கல். பி.யூ. வின் தின்னர் பட்டதும் அது சுருங்கி எழும்பும். இரண்டிலும் உரிப்பதைத் தவிர வழியில்லை. பி.யூ. என்றால் கழுவி, தேய்த்து, அதன்மேலேயே அடிக்கலாம். இரண்டு நாள் கூலி மிச்சம்.

சந்தேகமிருந்தால் இன்னொன்று. கழுவின இடத்தில் பிளேட்டால் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரேயடியாகப் பிடுங்குங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் உரிக்கத்தான் வேண்டும். அடுப்புப் பக்கக் கதவு ஒன்றிலும் தூரத்துக் கதவு ஒன்றிலும் செய்து பாருங்கள். தூரத்துக் கதவுகள் நன்றாக இருந்தால் எல்லாவற்றையும் உரிக்கிற கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை.

கழுவுகிற வேலையை நீங்களே எடுங்கள். உங்கள் கையால் குறைக்கக்கூடிய முதல் செலவு அதுதான். பத்து லீற்றர் வாளியில் வெதுவெதுப்பான நீர், மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா (அப்பச்சோடா அல்ல), பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சீலைத்துண்டை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். கதவைத் தண்ணீருக்குள் போடவோ பைப் பிடித்துக் கழுவவோ கூடாது. கட்டிபட்ட இடத்தில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்து, பழைய தொலைபேசி அட்டை ஒன்றால் சுரண்டுங்கள். பலகைச் சந்துக்குப் பழைய பல் பிறஷ். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு தரம் துடைத்தெடுங்கள். சோடா மிஞ்சினால் மகோகனி கறுக்கும். நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வெயிலில் சாத்தினால் பலகை வளையும். தளபாடத்துக்கு மினுக்கம் கொடுக்கும் ஸ்பிறே எதையும் இந்த அலுமாரிக்கு இதற்குமுன் அடித்திருந்தால் பட்டறைக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதிலுள்ள சிலிக்கன் மிஞ்சியிருந்தால் புதுப்பூச்சு அந்த இடத்தில் சிறு சிறு குழியாக விலகி நிற்கும்.

கழற்றும்போது ஒவ்வொரு கதவுக்கும் இலக்கம் போடுங்கள். முகத்தில் எழுதினால் தேய்ப்பில் போய்விடும். பிணைச்சல் உட்காரும் 35 மில்லிமீற்றர்க் குழிக்குள் பென்சிலால் எழுதி, அதன்மேல் டேப் ஒட்டுங்கள். அதே இலக்கத்தைப் பெட்டியிலும் எழுதுங்கள். ஒவ்வொரு கதவின் திருகாணியையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் திரும்பப் பூட்டுகிற ஒரு நாள் இரண்டு நாளாகும்.

உரிப்பதைப் பட்டறையில் விடுங்கள். உரிப்பான் மருந்தில் பலவகை நச்சு ஆவி விடும். வீட்டுக்குள், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் செய்கிற வேலை அல்ல. ஆனாலும் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இரும்புப் பஞ்சு பாவிக்கிறாரா? மகோகனியில் அதன் தூள் தங்கி ஈரம் பட்டால் கருநீலப் புள்ளி விழும். நைலோன் பாட் பாவிக்கச் சொல்லுங்கள். இரண்டு, உரித்தபின் தின்னரால் துடைக்கிறாரா? உரிப்பானிலுள்ள மெழுகு மிஞ்சினால் மேலே அடிப்பது காயாது. உரிப்பான் ஒரு லீற்றர் ஏறக்குறைய 30 சதுர அடிக்கு வரும். முகப்பும் விளிம்பும் சட்டமும் 70 சதுர அடி என்பதால் இரண்டரை முதல் மூன்று லீற்றர் என்று கணக்கு வையுங்கள். உட்பக்கம் உரிக்காமல் விடலாம், டேப் சோதனையில் நின்றால். கழுவி, 220 நம்பர் தாளால் மெல்லத் தேய்த்து, ஒரு பூச்சு சீலர் (மரத்தை அடைக்கிற அடிப்பூச்சு) போதும். பழைய பூச்சு லக்கர் என்றால் அந்த ஒரு பூச்சை மெல்லிய தூவலாக அடிக்கச் சொல்லுங்கள், நனைய அடித்தால் அடியில் இருப்பது இளகும். ஆனால் அந்த ஒரு பூச்சையும் வேண்டாமென்று விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மூடின பலகை மாரிக்கு மற்றப் பக்கத்தால் ஈரம் குடித்து வளையும்.

அலுமாரி எதனால் செய்தது என்பதிலும் ஒரு கண் வையுங்கள். சண்டைக்கு முந்திய வீடுகளின் கதவு, யன்னல் பலகையை எடுத்துச் செய்த பெட்டிகள் வன்னியில் நிறைய. அப்படியென்றால் அடியில் பழைய எனாமல் இருக்கலாம், அதில் ஈயம் இருக்கலாம். அதை உலரத் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும், தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் எடுக்க வேண்டும்.

தேய்ப்பு 120 இல் தொடங்கி 180, 220 என்று போகும். எப்போதும் மரத்தின் ஓட்டத்தோடுதான். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையில் 320. அடிப்பூச்சுக்கு முன் இன்னும் வழவழப்பாக்கினால் பிடிமானம் குறையும்.

இனி மகளின் வெள்ளை. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மகோகனியில் செந்நிறச் சாறு இருக்கிறது. வெள்ளையை நேரே அடித்தால், குறிப்பாகத் தண்ணீரில் கலக்கும் நிறம் என்றால், சில வாரத்தில் இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் திட்டுத் திட்டாகக் கசியும். எத்தனை பூச்சு மேலே போட்டாலும் கசிவு நிற்காது. கறையை அடைக்கிற தனி அடிப்பூச்சு, ஷெல்லாக் வகை அல்லது இரண்டு பாக பி.யூ. தடுப்புச் சீலர், வேண்டும். மகோகனியின் நுண்துளைகளும் வெள்ளைக்குக் கீழே ஊசிக்குத்துப் போலத் தெரியும். அதை அடைக்க மக்கை முழுமுகத்துக்கும் இழுத்துத் தேய்க்க வேண்டும். இந்த இரண்டும்தான் வெள்ளைக்கும் மரநிறத்துக்கும் உள்ள விலை வித்தியாசம், ஏறக்குறைய ஒரு நாள் கூலியும் கொஞ்சப் பொருளும்.

அடுத்தது மேற்பூச்சு. எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் குறைந்த குசினியில் மஞ்சளாகும். பி.யூ. விலும் மலிந்த வகை மஞ்சளாகும். "மஞ்சளிக்காத ஹார்ட்னர் போட்ட மேற்பூச்சு" என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். ஹார்ட்னர் என்பது பி.யூ. வை இறுக வைக்கிற இரண்டாம் பாகம். பொருளுக்குப் போட்ட 42,000 இல் எந்த வகை என்று எழுதப்படாவிட்டால், அவர் எதையும் அடிக்கலாம். லக்கர் ஒரு மணித்தியாலத்தில் காயும், விலையும் குறைவு, அதனால்தான் பல பட்டறைகள் அதையே விரும்புகின்றன. கதிரை மேசைக்கு அது போதும். குசினிக்கு வேண்டாம், மறுபடியும் இதே பிசுபிசுப்புத்தான்.

எங்கள் அபிப்பிராயம்: மேற்கதவு ஆறையும் வெள்ளையாக்கி, கீழ்க்கதவுகளையும் லாச்சிகளையும் மரநிறத்திலேயே விடுங்கள். மஞ்சள்தூள் பட்ட கையும், பிள்ளைகளின் காலும் படுவது கீழ்க்கதவில். மகோகனியை முழுக்க மூடுவது எங்களுக்கு மனமில்லாத விஷயம் என்பதையும் ஒளிக்கவில்லை. முடிவு உங்கள் வீட்டாருடையது.

எப்போது செய்வது என்பதும் செலவுதான். எல்லோரும் தைப்பொங்கலுக்கு முன் முடித்துத் தா என்று நிற்பார்கள். அந்த நேரம் ஆள் பிடிப்பது கஷ்டம், அதோடு கார்த்திகை மார்கழி ஈரத்தில் பூச்சு வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது முகம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதால் வருவது அது. இன்னொரு காரணம், உங்கள் கதவு சட்டமும் நடுப்பலகையும் உள்ள வகை என்றால், நடுப்பலகை மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும். ஊதியிருக்கும்போது அடித்தால், கோடையில் பலகை சுருங்க, சட்டத்தின் ஓரத்தில் அடிக்காத கோடு ஒன்று வெளியே தெரியும். அதை மறைக்க அந்தச் சந்தில் மக்கு வைக்க விடாதீர்கள், வெடிக்கும். மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முடிய நல்ல காலம். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்றில் செம்மண் தூள் பறக்கும். பட்டறை நாலு பக்கமும் படங்கு கட்டின இடமாக இருந்தால் அந்தத் தூள் முழுக்க உங்கள் கதவில்தான். கடும் வெயிலில் ஸ்பிறேத் துளி கதவில் படுமுன்பே காய்ந்து, முகம் சொரசொரக்கும். அந்த மாதங்களில் செய்வதென்றால் காலை ஒன்பது மணிக்குள் அடிக்கச் சொல்லுங்கள்.

விலையைக் குறைக்கிற கணக்கு இது. கழற்றிக் கழுவுவதை நீங்கள் எடுத்தால் 11,000 குறையும். 14 கதவுக்கு 28 பிணைச்சல் என்று பட்டறை போட்டிருக்கிறது, ஒன்று 500. எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. துருப்பிடித்த, தொங்குகிற ஆறை மட்டும் மாற்றினால் 3,000, மிச்சம் 11,000. திருகாணி பிடிக்காத துளைக்குப் புதுப் பிணைச்சல் மருந்தல்ல. பசை தடவின மரச்சீவலை இறுக்கி அடித்து, காய்ந்தபின் திரும்ப முடுக்கினால் பிடிக்கும். உட்பக்கத்தை உரிக்காமல் விட்டால் கூலியில் ஏறக்குறைய 8,000. கதவுகளை உங்கள் லான்ட் மாஸ்டரிலோ அயலவரின் வாகனத்திலோ கொண்டுபோனால் எண்ணெய்ச் செலவு போக 6,000. கதவுக்குக் கதவு இடையில் பழைய போர்வை வையுங்கள், சாக்கு வேண்டாம், அது கீறும். ஆக 36,000 குறைந்து 106,000. கீழ்ப்பகுதி மரநிறம் என்றால் இன்னும் சில ஆயிரம் குறையும். அதைச் சிங்குப் பலகைக்கு ஒதுக்குங்கள். கைபிடிகளை மாற்றுவது அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். மாற்றத்தான் வேண்டுமென்றால் பழைய துளையின் இடைவெளியை அளந்து அதே அளவில் வாங்குங்கள். 96 மில்லிமீற்றருக்குப் பதில் 128 வாங்கினால் பழைய துளையை அடைக்க வேண்டும், அதை நிறம் அடிக்கமுன் செய்ய வேண்டும்.

பேச்சை இப்படி ஆரம்பியுங்கள்: "முழு வேலையைப் பிறகு பேசுவோம், முதலில் அடுப்புப் பக்கத்து ஒரு கதவைச் செய்து தாருங்கள், அதற்குரிய காசைத் தருகிறோம்." அந்தக் கதவு வந்து ஏழு நாள் பொறுங்கள். பி.யூ. இறுகி முழுப் பலத்துக்கு வர அவ்வளவு வேண்டும். பிறகு தேங்காயெண்ணெய் ஒரு துளியும் மஞ்சள் கரைத்த நீர் ஒரு துளியும் இரவு முழுக்க விட்டுக் காலையில் துடையுங்கள். சுடுதண்ணீர்க் கோப்பையை ஐந்து நிமிடம் வையுங்கள். நகத்தால் அழுத்துங்கள். மஞ்சள் மெல்லிய நிழல் விட்டுப் போவதைப் பெரிதுபடுத்த வேண்டாம், வெயில் பட மங்கும். எண்ணெய் பட்ட இடம் மிருதுவானாலோ, கோப்பை வளையம் விட்டாலோ, அது பி.யூ. அல்ல, அல்லது ஹார்ட்னர் அளவாகக் கலக்கவில்லை. மற்றப் பதின்மூன்று கதவும் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

காசை மூன்றாகப் பிரியுங்கள். பொருளுக்கான தொகையை முதலில் கொடுங்கள், அதுவும் கடைப் பற்றுச்சீட்டைக் கண்டபின். கூலியில் பாதி அடிப்பூச்சு முடிந்த கதவைக் கண்ணால் பார்த்தபிறகு. மிச்சத்தில் 15,000 ஐ, கதவுகள் பூட்டி ஒரு மாதம் கழித்துத் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். வேலை நல்லதென்றால் அவர் இதற்குச் சம்மதிப்பார்.

பெட்டியின் சட்டத்தை மட்டும் வீட்டில் வைத்துத்தான் அடிக்க வேண்டிவரும். அன்றைக்குக் காஸ் சிலிண்டரை மூடி வெளியே எடுங்கள், வெளி அடுப்பிலும் விறகு எரிய வேண்டாம், தின்னர் ஆவி நெருப்புப் பிடிக்கும். பி.யூ. ஆவி மூச்சுக்குழாயைத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இரண்டு நாளைக்கு வேறிடத்தில் தங்கட்டும். அடிக்கிறவர் கரி வடிகட்டி உள்ள முகமூடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். துணியும் ஆஸ்பத்திரி முகக்கவசமும் இதைத் தடுக்காது. எண்ணெய் வானிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே சூடேறிப் பற்றும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

கதவுகள் திரும்பி வந்ததும் ஒன்றின்மேல் ஒன்றை அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், முகம் முகத்தோடு ஒட்டும். பூட்டும்போது இரண்டு கதவுக்கு இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். நாலு பூச்சு ஏறினபின் விளிம்பு தடித்திருக்கும். உரசினால் சீவ விடாமல் பிணைச்சலின் பக்கத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள். சீவின விளிம்பால் ஈரம் உள்ளே போகும்.